சுருதிக்குப் 10 மதிப்பெண்: இசைத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்து இளைஞர்கள் தாங்களே பாடிப் பதிவுசெய்த முதல் ஆல்பங்களை வரவழைத்து, அவற்றைக் கேட்டு எழுத்து மூலம் விமர்சனம் தந்து, தேறியவர்களை ஆண்டிறுதியில் மேடையேற்றுவது என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவை முதலில் மனமாரப் பாராட்டுகிறேன். மலையில் மேடைக்குப் பஞ்சமில்லை. ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கிறது, கோடையில் உதகைக்கு வரும் கூட்டத்துக்கென்று கலைநிகழ்ச்சிகள் நடக்கின்றன, தேவாலயங்களில் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கிடாரை ஆம்பில் (ஒலிபெருக்கிக் கருவியில்) செருகி அலறவிடும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடமில்லை. அந்தக் குறையைப் போக்க முன்வந்த நீங்கள், மைக்செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் என்னையும் நடுவர்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டீர்கள், அதற்கு நன்றி. இருந்தும், நீங்கள் அனுப்பிவைத்த மதிப்பெண் தாளையும் அதோடு இணைத்திருந்த முதல் விமர்சனக் குறிப்பையும் படித்த பிறகு, இதைக் குழுவுக்குள் பேசி முடிப்பதைவிட எல்லாரும் படிக்கும்படி எழுதுவதே முறை என்று தோன்றியது. இந்தத் தாள் ஒருமுறை நடைமுறைக்கு வந்துவிட்டால், அடுத்தடுத்து வரப்போகும் பிள்ளைகளையும் அதைக் கொண்டே அளப்பீர்கள். அவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தாளில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன: சுருதிச் சுத்தம், தாளக் கட்டுப்பாடு, ஒலிப்பதிவின் தெளிவு, பாடல்களுக்கிடையே வேறுபாடு, பயிற்சியும் தேர்ச்சியும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 50க்கு 30 எடுக்காதவர்களுக்கு மேடை இல்லை. முதலில் வந்து சேர்ந்த ஆல்பம், மூன்று இளைஞர்கள், பச்சைத் தேயிலை நிறுக்கும் கொட்டகையை ஒட்டிய ஓர் அறையில் வைத்துப் பதிவுசெய்தது. அதற்கு நீங்கள் தந்திருப்பது 17. சத்தம் காதைப் பிளக்கிறது, பாடுகிறவருக்குச் சுருதி நிற்கவில்லை, எட்டுப் பாட்டும் ஒரே பாட்டைப் போல இருக்கிறது என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஆல்பத்தைக் கேட்டேன். நீங்கள் சொன்ன மூன்றும் உண்மைதான். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஒப்புக்கொள்கிற என்னால், அதன் அடியில் உள்ள எண்ணை ஒப்புக்கொள்ள முடியவில்லை என்பதுதான் இந்த மடலின் விஷயம்.

ராக் இசையில் இது பழைய வழக்கு. 1969 ஆகஸ்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரைச் சேர்ந்த நான்கு பேர், ‘த ஸ்டூஜஸ்’ என்ற தங்கள் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். ரோலிங் ஸ்டோன் இதழில் அதற்கு விமர்சனம் எழுதிய எட் வார்ட், இந்த இசை சத்தமானது, சலிப்பூட்டுவது, ரசனையற்றது, கற்பனையற்றது, சிறுபிள்ளைத்தனமானது என்று வரிசையாக அடுக்கினார். கையோடு, தனக்கு இது ஒருவிதத்தில் பிடித்திருக்கிறது என்றும் எழுதினார். அந்த வரியை எப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. காதில் விழுந்ததை மறைக்காமல் சொன்னார்; ஆனால் அந்த அடைமொழிகளைக் கூட்டிக் கழித்து ஒரு தீர்ப்பாக்கி, அதன் பின்னால் தன் ரசனையை ஒளித்துக்கொள்ளவில்லை. அமெரிக்க ஆல்பப் பட்டியலில் அது 106ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. பின்னாளில் வந்த பங்க் என்னும் முரட்டு ராக் இசைக்கு முன்னோடி என்று இன்று எல்லாரும் அதைத்தான் காட்டுகிறார்கள். 2010இல் அந்தக் குழு, ராக் இசையின் புகழரங்கமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்க்கப்பட்டது. வார்ட் அடுக்கிய அடைமொழிகளில் எதையும் இதற்காக யாரும் திரும்பப் பெறவில்லை என்பதையும் கவனியுங்கள். இன்று போட்டுக் கேட்டாலும் அது சத்தமாகவும் சிறுபிள்ளைத்தனமாகவும்தான் இருக்கிறது.

அந்த ஆல்பம் உருவான விதம் நம் மதிப்பெண் தாளுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. குழுவினர் ஐந்து பாட்டுகளோடு நியூயார்க்குக்குப் போனார்கள். ஆல்பத்தை வெளியிடவிருந்த எலெக்ட்ரா நிறுவனம் அவை போதாது என்றதும், இன்னும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, ஓரிரவில் இன்னும் மூன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் ‘பயிற்சியும் தேர்ச்சியும்’ கட்டத்தில் இதற்கு என்ன தருவீர்கள்? ஆம்புகளின் ஒலியளவைக் குறைக்க மாட்டோம் என்று மல்லுக்கு நின்றார்கள். தயாரிப்பாளர் ஜான் கேல், செவ்வியல் முறையில் வயோலா பயின்றவர். பயிற்சி என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர், ஒரு பாட்டில் பியானோவின் ஒரே கட்டையைத் தொடக்கம் முதல் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஆணி அடிப்பது போல அந்த ஒற்றைச் சுரம் விழுந்துகொண்டிருக்க, கிடார் அதன்மேல் கரகரக்கிறது. சுரம் மாறவில்லை என்று அங்கே மதிப்பெண் குறைத்தால், அந்தப் பாட்டின் முதுகெலும்பையே குறை என்று எழுதியதாகிவிடும். இதே ஆல்பத்தில் பத்து நிமிடம் ஓடும் இன்னொரு பாட்டில் ‘ஓம் ஸ்ரீராம் ஜெய்ராம்’ என்ற மந்திரத்தை அவர்கள் மெல்ல முனகுகிறார்கள்; நம் ஊர் பஜனைக் கூடத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வரும். போகட்டும். கேல் செய்த மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவு பார்த்துச் சேர்ப்பது) பிடிக்காமல், பாடகர் இகி பாப்பும் நிறுவனத் தலைவர் ஜாக் ஹோல்ஸ்மனும் அதை மறுபடி செய்தார்கள். ஆகவே, முரட்டு இசை என்று காதில் விழுவதற்குப் பின்னாலும் ஆளுக்கொரு கருத்தும் சண்டையும் தேர்வும் இருந்திருக்கின்றன. உங்கள் தாளை வைத்து அந்த ஆல்பத்துக்கு நேர்மையாக மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். 15க்கு மேல் என்னால் தர முடியவில்லை.

அடுத்தது, இங்கிலாந்தின் பர்மிங்காம். தொழிற்சாலை நகரம். பிளாக் சபாத் குழு தன் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவுசெய்தது. 1970 பிப்ரவரியில் அது வெளிவந்தது. கிடார் வாசித்த டோனி ஐயோமி, தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலக்கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் துண்டானவர். இடக்கைப் பழக்கக்காரர் ஆகையால், அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, அழுத்தம் குறைவாகத் தேவைப்படும் மெல்லிய தந்திகளைக் கட்டி வாசித்தார். அந்த ஆல்பத்தை ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பேங்ஸ் என்ற விமர்சகர், கிரீம் என்ற முந்தைய குழுவைப் போலவே இருக்கிறது, ஆனால் அதைவிட மோசம் என்கிற தொனியில் தள்ளிவிட்டார். பிரிட்டனில் அது எட்டாம் இடம்வரை ஏறியது. நான் சொல்ல வருவது அந்த ஏற்றத்தைப் பற்றியன்று. 1972இல் அதே பேங்ஸ், க்ரீம் என்ற அமெரிக்க இதழில், அதே சபாத் குழுவை மிகுந்த அக்கறையோடு அணுகி நீண்ட கட்டுரை எழுதினார். எம்.சி.5 குழுவின் முதல் ஆல்பத்தை 1969இல் வெளுத்து வாங்கிவிட்டு, பின்னர் அவர்களையும் ஏற்றுக்கொண்டவர் அவர். அவரால் திரும்பி வர முடிந்தது, ஏனென்றால் அவர் எழுதியது பத்திகள். தன் பெயரில் எழுதியது. 50க்கு 17 என்ற எண்ணுக்குள் திரும்பி வருவதற்கான வழி எதுவும் இல்லை.

பர்மிங்காமை நான் இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகளின் ஆல்பத்தில் நான்காவது பாட்டைப் பற்றி உங்கள் குறிப்பில், “பின்னணி இரைச்சல் நீக்கப்படவில்லை, ஒலிப்பதிவில் கவனக்குறைவு” என்று எழுதி, தெளிவுக்கான கட்டத்தில் 2 மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த இரைச்சலை நல்ல ஹெட்போனில் இன்னொரு முறை கேட்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சல். இலையை வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகள் இரவெல்லாம் ஒரே சுரத்தில் இரையும்; அதற்கு மேலே சி.டி.சி. உருளைகள் இலையைக் கிழித்து நசுக்கும் கரகரப்பு. ஆலையின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது கேட்காமலே போய்விடும் அளவுக்குப் பழகிய ஓசை. பேஸ் கிடார்காரர் தன் அடித் தந்தியை அந்தக் காற்றாடியின் சுரத்துக்குச் சேர்த்திருக்கிறார். வழக்கமான சுருதியிலிருந்து அவர் சற்று விலகி நிற்பதாக நமக்குப் படுவதற்குக் காரணம் இதுதான். அவர் ட்யூனர் என்னும் சுருதி காட்டும் கருவிக்குச் சேர்க்கவில்லை, ஆலைக்குச் சேர்த்திருக்கிறார். பாட்டு முடிந்து கிடாரும் டிரம்ஸும் நின்ற பிறகும் அரை நிமிடம் காற்றாடி மட்டும் ஓடுகிறது. பிறகு யாரோ மெயின் சுவிட்சை அணைத்தது போல அதுவும் நிற்கிறது. கவனக்குறைவாகப் பதிவுசெய்கிறவர்களுக்கு இப்படி ஒரு முடிவு தற்செயலாக அமையாது. தெளிவுக்கான கட்டத்திலும் சுருதிக்கான கட்டத்திலும் நீங்கள் குறைத்த மதிப்பெண்கள், இந்த ஆல்பத்தில் மிகுந்த யோசனையோடு செய்யப்பட்ட ஒரு காரியத்துக்கு விதித்த அபராதம்.

இந்த இடத்தில் என் வாதத்தில் உள்ள ஓட்டையை நீங்கள் சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். திட்டு வாங்கிய ஆல்பங்களெல்லாம் ஸ்டூஜஸின் ஆல்பமாகிவிடவில்லை. 1969இலும் 1970இலும் சத்தமாகவும் சலிப்பாகவும் வந்து, சரியாகவே திட்டு வாங்கி, சரியாகவே மறக்கப்பட்டவை ஏராளமாக இருந்திருக்கும். மறக்கப்பட்டதால் அவற்றை நாம் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஆகையால், கரடுமுரடாக வருகிற எதையும் காலம் போற்றும் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. விமர்சகர்கள் எப்போதும் தோற்றார்கள் என்பதும் பொய். 1976இல் ரமோன்ஸ் குழு ஏறத்தாழ 6,400 டாலர் செலவில் தன் முதல் ஆல்பத்தை எடுத்தபோது, நியூயார்க் விமர்சகர்கள் பலர் அதை உடனே அடையாளம் கண்டு பாராட்டினார்கள், வாங்குகிறவர்கள்தான் வரவில்லை. பட்டியலில் 111ஆம் இடம். அமெரிக்காவில் விற்பனைக்கான தங்கச் சான்றிதழ் கிடைத்தது 2014இல். பெருநகரத்தில் விமர்சகரின் பேச்சுக்கு இவ்வளவுதான் வலிமை. நம் ஊரில் அப்படியில்லை. இருப்பது ஒரு மேடை, அதன் சாவி உங்கள் கையில். லண்டனில் ஓர் இதழ் தள்ளிவிட்ட குழுவுக்கு அடுத்த தெருவில் இன்னொரு மதுக்கூடம் இருந்தது. இங்கே நீங்கள் தள்ளிவிட்டால், அடுத்து அவர்கள் மேடை கேட்கப்போவது கோயம்புத்தூரில்தான். போக வர ஆம்பைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் பேருந்து ஏற வேண்டும்.

கரடுமுரடு வேறு, அலட்சியம் வேறு என்றால், இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்பீர்கள். முழுமையான விடை என்னிடம் இல்லை. தொழிலில் கற்ற சில பழக்கங்களைச் சொல்கிறேன். முதலாவது, ஒரு பிசகு திரும்ப வருகிறதா என்று பார்ப்பேன். பாடகர் மூன்று பாட்டுகளில், ஒரே வகையான இடத்தில், ஒரே அளவு சுரத்துக்குக் கீழே நின்றால், அவர் காதுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சறுக்கினால், பாவம், தெரியவில்லை. நம் பையன் முதல் வகை. ஐந்தாவது பாட்டில் மட்டும் இரண்டாம் வகை, அந்தப் பாட்டை நானும் தூக்கிப்போட்டிருப்பேன். அடுத்து டிரம்ஸையும் கிடாரையும் சேர்த்துக் கேட்பேன். வேகம் கூடுகிறபோது இருவரும் சேர்ந்து கூடுகிறார்களா, ஒருவர் ஓட மற்றவர் துரத்துகிறாரா? ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன் கிடாரை ஏறத்தாழ முழுவதும் கீழ்நோக்கிய அடியாகவே வாசித்தவர். கேட்பதற்கு மூன்று கார்டுகளும் (சுரக் கூட்டுகளும்) முரட்டுத்தனமும்தான். அந்த வேகத்தில் கீழ்நோக்கி மட்டும் ஒரு பாட்டு முழுக்க அடித்துப் பார்த்தால், மணிக்கட்டு வலியில் தெரியும் அது எவ்வளவு பயிற்சி என்று. நம் பிள்ளைகளில் கிடார்காரரும் டிரம்ஸ்காரரும் சேர்ந்தே ஓடுகிறார்கள், சேர்ந்தே நிற்கிறார்கள். ஆனால் ஆம்பிலிருந்து வரும் விசிலை இன்னும் அவர்களால் ஆளமுடியவில்லை. நல்ல இடத்தில் வருவது போலவே தேவையில்லாத இடத்திலும் அது வந்துவிடுகிறது. இதை உங்கள் தாளின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அவர்களுக்கு உண்மையில் உதவக்கூடிய குறிப்பு இது ஒன்றுதான், அதற்குத் தாளில் இடமில்லை.

சுருதிச் சுத்தத்தை முதல் கட்டமாக வைத்ததுதான் என்னை மிகவும் உறுத்துகிறது, அதுவும் இந்த மலையில். மஞ்சூர், முள்ளி வழியே இறங்கினால் அட்டப்பாடி. அங்கே வாழும் இருளர் இனத்தைச் சேர்ந்த நஞ்சியம்மாவுக்கு, மலையாளப் படம் ஒன்றில் தம் மொழியில் தாமே கட்டிப் பாடிய பாட்டுக்காக, 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முறைப்படி பயிலாதவர், சுருதிக்குக் கட்டுப்பட்டுப் பாட இயலாதவர் என்று அப்போது ஓர் எதிர்ப்புக் குரல் எழுந்தது. இசைத்துறையிலிருந்தே பலர் அதை மறுத்தார்கள். அந்த விருதைக் கொடுத்ததும் ஒரு தேர்வுக் குழுதான் என்பதை மறக்கக் கூடாது. இங்கே நீலகிரியில், கோத்தர்கள் கொள் என்னும் குழலைப் பறைகளோடு சேர்த்து ஊதும்போது, குழலின் ஓட்டம் பறையின் சுழற்சிக்கு அடிக்கு அடி கட்டுப்பட்டு நடப்பதில்லை. சில இடங்களில் வந்து சேரும், இடையில் நெகிழ்ந்து போகும். அந்த நெகிழ்வில்தான் அந்த இசையின் அழகே இருக்கிறது. உங்கள் தாளக் கட்டுப்பாட்டுக் கட்டத்தில் அவர்களுக்கும் 4தான் விழும். பழங்குடி இசையைக் கேட்கிறபோது நாமெல்லாரும் மரியாதையாகத் தலையசைக்கிறோம், அது வேறு மரபு, அதற்கு வேறு இலக்கணம் என்கிறோம். தேயிலைத் தொழிலாளி வீட்டுப் பையன் கிடாரை எடுத்துக்கொண்டு வந்தால் மட்டும், இலக்கணம் தெரியாதவன் என்கிறோம். ராக் இசைக்கும் அறுபது, எழுபது ஆண்டு மரபு இருக்கிறது. அதில் சத்தமும் கரகரப்பும் திரும்பத் திரும்ப வரும் ஒரே அடியும் பிழைப்பட்டியலில் உள்ளவை அல்ல.

குழுவில் உள்ள பெரியவர்களில் சிலர் கர்நாடக இசையில் ஊறியவர்கள், ஒருவர் தேவாலயப் பாடகர் குழுவைப் பல காலம் நடத்தியவர். உங்கள் காதின் நுட்பத்தில் எனக்குக் கால்வாசிகூட இல்லை. அந்த நுட்பத்தை விட்டுக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை எண்ணாக மாற்றாதீர்கள் என்று கேட்கிறேன். “இந்தப் பாடகர் பஞ்சமத்தில் நிற்பதே இல்லை, எனக்கு உடம்பு கூசுகிறது” என்று ஒரு நடுவர் எழுதினால் அது நல்ல விமர்சனம். படிக்கிற பையன் அடுத்த முறை பஞ்சமத்தில் நிற்கலாம், அல்லது வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் கீழே இறங்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் தெரிந்து செய்வான். “சுருதி: 3” என்பதைப் படித்து அவன் என்ன செய்வான்?

ஆகவே என் கோரிக்கைகள். மதிப்பெண் தாளைக் கைவிட்டு, ஒவ்வொரு நடுவரும் ஆளுக்கு ஒரு பக்கமாவது எழுதி, கீழே தன் பெயரைப் போட வேண்டும். பெயரில்லாத விமர்சனத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பது நியாயமில்லை. அவர்கள் தங்கள் ஆல்பத்தில் பெயரைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எழுதுவதற்கு முன் ஆல்பத்தை இரண்டு முறையாவது கேட்க வேண்டும், அதில் ஒரு முறை கைப்பேசியின் ஸ்பீக்கரில் இல்லாமல். ஒலி குறைந்த கருவியில் கேட்டுவிட்டுத் தெளிவில்லை என்று எழுதுவதை, இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இந்த வகைக் குழுக்களைப் பதிவை மட்டும் கேட்டு முடிவுசெய்யாமல், அரை மணி நேரம் நேரில் வாசிக்கவும் விட வேண்டும். என் கிடங்கில் இடம் இருக்கிறது. சுற்றிலும் வீடுகள் இல்லை, மின்சாரச் செலவு என்னுடையது. 17 வாங்கிய ஆல்பத்தை இதே முறையில் மறுபடி கேட்க வேண்டும். கேட்ட பிறகும் மேடை இல்லை என்றே பெரும்பான்மையினர் முடிவுசெய்தால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஏன் இல்லை என்பதை வாக்கியங்களில் எழுதிக் கொடுத்தால் போதும்.

நடுவர் பட்டியலில் என் பெயரை வைப்பதா எடுப்பதா என்பதை அடுத்த கூட்டத்துக்கு முன் தெரிவியுங்கள். தாள் இப்போதிருக்கும் வடிவிலேயே தொடருமானால் அதில் நான் கையெழுத்திட இயலாது. ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கான ஸ்பீக்கர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். எப்படியானாலும் அவை வந்து சேரும், முன்பணம் வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோத்தகிரியிலிருந்து ஒரு மைக்செட்காரர்